ஓநாய்ப் படத்துக்கு ஊர் சொன்ன குறை

மலையின் நிழல் மத்தியானம் கழிந்ததுமே இறங்கி வந்து தெருவில் படுத்துக்கொள்ளும் ஆனைக்கரட்டுப்பட்டியில், எந்தப் பொருளையும் எந்த ஆளையும் யாரும் நல்லா இருக்கு என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், சொன்னால் கண்ணு பட்டுவிடும். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் என்ன ஆத்தா இப்படி வத்திப்போச்சு என்பார்கள். புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுப்படியில் காத்தே வராது போலயே என்பார்கள். கறிக்குழம்பை மறுபடியும் மறுபடியும் வாங்கி ஊற்றிக்கொண்டு, ஏப்பம் விட்ட பிறகு, உப்பு ஒரு கல்லு தூக்கல் என்பார்கள். எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவு குறை. ஒருவர் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போனால்தான் சமைத்தவள் கவலைப்பட வேண்டும்.

அந்த ஊரில்தான் பாண்டிச்செல்வி ஓர் ஓநாயை வரைந்தாள்.

அவள் ஓவியம் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கே தவளையும் செம்பருத்திப் பூவும் வரைந்து கொடுத்த கை அது. கல்யாணமாகி மகள் தன்ஷிகா பிறந்த பிறகு பால்வாடிச் சுவரில் யானையும் மாம்பழமும் வரைந்த கை. ஊர்ப்புற நூலகத்தைத் திறந்து பூட்டும் சோலையப்பன் அண்ணன், பௌர்ணமிதோறும் ஓநாயாகிவிடும் ஒருவனைப் பற்றிப் 'பௌர்ணமிப் பசி' என்று ஒரு குட்டிக் கதை எழுதியிருந்தார். அதைப் படித்தவர்கள் இருட்டிய பிறகு வாசலுக்குப் போகவே நடுங்க வேண்டும் என்பது அவருடைய லட்சியம். படம் இருந்தால்தான் பயம் வரும் என்று அவளிடம் வந்தார். ஓநாயை அவள் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை, அந்த மலையில் கரடி உண்டு, காட்டெருமை உண்டு, ஓநாய் கிடையாது. ஆகவே பக்கத்து வீட்டு நாயிடமிருந்து காதையும், உரக்கடைக் காலண்டரில் இருந்த நரியிடமிருந்து மூக்கையும் எடுத்துக்கொண்டு, மனுஷப் பாதிக்குத் தன் தம்பி வீரணனைச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னாள். அவன் மினி பஸ் கண்டக்டர். நாளெல்லாம் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்புகிறவனுக்கு, உட்கார் என்று ஒருவர் சொன்னால் அதைவிடச் சுகம் என்ன இருக்கிறது, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தான்.

கம்பத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில்தான் புத்தகத்தை அடித்தார்கள். அதனால் அட்டையில் ஓநாயைச் சுற்றி வாழைமரமும் குத்துவிளக்கும் வந்துவிட்டன. கடைசிப் பக்கத்தில், வாசகர்கள் தங்கள் கருத்தைத் தவறாமல் தெரிவிக்கவும் என்று சோலையப்பன் போட்டிருந்தார். பிறகு ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, டீக்கடையில் ஒன்று, சலூனில் ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று, மினி பஸ்ஸில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒன்று, நூலகத்தில் ஒரு கொத்து என்று தொங்கவிட்டார்கள். மாவு மில்லில் மட்டும் தொங்கவிட முடியவில்லை. மில் நடத்துகிற ராமுத்தாய், பாண்டிச்செல்வியின் நாத்தனார், இந்தப் பேய் பிசாசு புத்தகத்தையெல்லாம் நான் கையால் தொடுவதில்லை, மாவு கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டாள்.

ஊர் படித்தது. படிக்கத் தெரிந்தவர் படிக்க, மற்றவர்கள் படம் பார்த்தார்கள். அவ்வளவு பிடித்துப்போயிற்று அந்தக் கதை, அதனால் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த ஓநாய்க்காரன் வீட்டில் பொம்பளை ஆள் இல்லையா, இருந்திருந்தால் பௌர்ணமியும் அதுவுமாய் வெளியே விட்டிருப்பாளா என்று ரேஷன் வரிசையில் கேட்டார்கள். காலாகாலத்தில் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்திருந்தால் இந்த வியாதியெல்லாம் வருமா என்றார்கள். பசிக்குது பசிக்குது என்று பக்கம் பக்கமாய் ஊளையிடுகிறானே, ஒரு வாய் சோறு போட அந்த ஊரில் ஆளே கிடையாதா, அது என்ன ஊர் என்று பாதிப் பேர் கோபப்பட்டார்கள். பயந்தவர் ஒருவரும் இல்லை. சோலையப்பன் நூலகத்துக்குள் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கதைக்குச் சொன்ன குறை கதையோடு போயிற்று. படத்துக்குச் சொன்ன குறை அப்படிப் போகவில்லை.

டீக்கடை மலைச்சாமி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, என்னப்பா நகம் இது, வெங்காயம்கூட உரிக்க முடியாது போல என்றார். மறுநாள் காலை வீரணன் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான், பத்து விரலிலும் நகம் அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது. சலூன்காரர், முதுகில் முடியே காணோமே, ஓநாயா இல்லை உரித்த கோழியா என்றார். அன்று சாயங்காலமே கழுத்துக்குக் கீழே கறுகறுவென்று கிளம்பி இடுப்பு வரை இறங்கிவிட்டது. ரேஷன் வரிசையில் ஒருத்தி காது சின்னது என்றாள், காது நீண்டது. பஸ்ஸில் ஒருவர், வாயைப் பார்த்தால் ஊளையிடுகிற வாயாகத் தெரியவில்லையே, கொட்டாவி விடுகிற வாய்தான் என்றார், அடுத்த நிறுத்தத்தில் விசில் ஊத வாயைத் திறந்த வீரணன் ஓர் ஊளை விட்டான், பஸ் நின்றது.

ஊருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நிற்க ஓர் ஊளை, கிளம்ப ரெண்டு ஊளை என்று டிரைவர் பழகிக்கொண்டார். நகத்தால் கிழித்தால் டிக்கெட் கத்தரித்த மாதிரி வருகிறது என்றார்கள். டிக்கெட் வாங்காமல் தூங்குவது மாதிரி நடிக்கிறவர்கள் தூக்கத்தை விட்டுவிட்டார்கள். தெரு நாய்கள் பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாக ஓடி வந்து எல்லையில் நின்று வழியனுப்பின. பெண்கள் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவு முடிக்கு ஷாம்பு கட்டுப்படியாகாது தம்பி, சீயக்காய் போடு, ஈரத்தோடு காற்றில் நிற்காதே என்றார்கள். அவனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்த வீட்டில், முடி கொட்டுமா, சோற்றில் விழுமா என்று மட்டும் கேட்டு அனுப்பினார்கள். வீரணனுக்கே முதலில் சங்கடமாக இருந்தது, அப்புறம் மலையிலிருந்து இறங்குகிற குளிருக்கு ஸ்வெட்டர் தேவைப்படவில்லை என்பதைக் கண்டுகொண்டு சும்மா இருந்துவிட்டான். ஊர் அவனை அவ்வளவு நேசித்தது, பாவம்.

கடைசியாக ஒரு காலையில் வால் வந்தது. நல்ல வால், புசுபுசுவென்று, நுனியில் கொஞ்சம் வெள்ளை. யார் சொல்லி வந்தது என்று தெரியவில்லை.

அந்த வாலோடுதான் பாண்டிச்செல்விக்குத் தூக்கம் போயிற்று. தன்ஷிகாவுக்கு மொட்டை எடுத்துக் காது குத்த, புகுந்த வீட்டுக் குலதெய்வக் கோயிலில் நாள் குறித்திருந்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பிறந்த வீடு என்று பாண்டிச்செல்விக்கு மிச்சம் இருப்பது வீடு இல்லை, நிலம் இல்லை, அந்த ஒரு மடிதான். தட்டுவரிசை தூக்கிக்கொண்டு கொட்டுமேளத்தோடு அவள் பக்கத்திலிருந்து நடந்து வர அந்த ஒருவன்தான் இருந்தான்.

ராமுத்தாய் மில்லை நிறுத்திவிட்டு, முந்தானையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே வந்து, ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். பஸ்ஸில் அவன் எப்படியும் இருந்துகொள்ளட்டும், அது அவன் பிழைப்பு. சாமி முன்னாடி அப்படி முடியாது.

"வாலோடயும் நகத்தோடயும் வந்து நின்னா எங்க வீட்டுப் பிள்ளைய அவன் மடியில வைக்க விடமாட்டேன். என் வீட்டுக்காரர் மடியில வச்சுக்குவோம். அவரும் ஒரு முறைக்கு மாமன்தான்."

"என் பிள்ளைக்கு மாமன் என் தம்பி ஒருத்தன்தான், மதினி," என்றாள் பாண்டிச்செல்வி.

"அப்ப அவன மனுஷனாக் கூட்டிட்டு வா," என்றாள் ராமுத்தாய்.

புருஷன் ஜெயமுருகனிடம் சொல்லிப் பார்த்தாள். அக்கா சொன்னால் அக்கா சொன்னதுதான் என்று அவன் தட்டில் இருந்த சோற்றையே பார்த்தான். அவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்பதால் பாண்டிச்செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

விஷயம் அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. குறை சொன்ன வாயே அதை மாற்றி அழகு என்று சொன்னால் வந்தது போய்விடும். நீங்கள் உங்கள் வாயால் அந்த நகம் அழகு என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள் என்று டீக்கடையில் கேட்டாள். மலைச்சாமி பதறிப்போனார். என் வாயால் நல்லா இருக்கு என்று சொல்லி, நாளைக்கே உன் கைக்குச் சுளுக்குப் பிடித்தால் யார் பதில் சொல்வது என்றார். சலூன்காரரும் அப்படியே. ரேஷன் வரிசைப் பெண், உன் மேல் எனக்கு என்ன பகையா, அந்தப் படத்தைப் போய்ப் பாராட்டச் சொல்கிறாயே என்று கண் கலங்கினாள். கெஞ்சக் கெஞ்ச அவள் மேல் பாசம் கூடி, பாசம் கூடக் கூடப் புதுக் குறைகள் பிறந்தன. அன்றைக்குச் சாயங்காலம் வீரணனுக்கு மீசை மயிர் இரண்டு பக்கமும் பூனைக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. போதும் அக்கா, நீ இனிமேல் யாரிடமும் போய்க் கேட்காதே என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

மறுநாள் காலை பிள்ளையைக் குளிப்பாட்டி, துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரமாக வந்து நின்று, என்ன கறுத்துப்போச்சே பிள்ளை, என்ன சளி பிடித்த மூக்கு என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். பாண்டிச்செல்வி கண்மை டப்பாவைத் திறந்து, மோதிர விரலால் தொட்டு, தன்ஷிகாவின் கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். வைத்த மாத்திரத்தில் அந்த அக்காவின் வாய் மடை திறந்த மாதிரி திறந்துகொண்டது. அடி தங்கம், அடி பவுனு, என்ன கண்ணு, என்ன கன்னம், யாரு பெத்த பிள்ளை இது என்று கொஞ்சித் தீர்த்தாள். பொட்டு இருக்கிறதே, இனி யார் கண் என்ன செய்யும்.

பாண்டிச்செல்வி விரலில் ஒட்டியிருந்த மையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அந்த அக்காவிடமே பிள்ளையைக் கொடுத்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டீக்கடைப் புத்தகத்தில், சலூன் புத்தகத்தில், ரேஷன் கடைப் புத்தகத்தில், பஸ் புத்தகத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு ஓநாயின் வலது கன்னத்திலும் கண்மையால் ஒரு பொட்டு வைத்தாள். நூலகத்தில் இருந்தவற்றுக்கும் வைத்தாள். கலைக்குக் களங்கம் செய்கிறாயே என்று சோலையப்பன் முனகினார். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது, யாரோ கொத்திலிருந்து கயிற்றோடு அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று வேறு சொன்னார். திருடிப் படிக்கிற அளவுக்கு ஒரு வாசகர் இருக்கிறாரே என்று அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அதற்குப் பிறகு ஊரைக் கையால் பிடிக்க முடியவில்லை. கதை வந்த நாளிலிருந்து நெஞ்சுக்குள் அடக்கி வைத்திருந்த பாராட்டெல்லாம் பொங்கி வந்தது. மலைச்சாமி புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நகத்தை எவ்வளவு பாந்தமாக, படித்த பிள்ளை நகம் மாதிரி வரைந்திருக்கிறாள் பார் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், அங்கே பஸ்ஸில் வீரணனின் நகம் உள்ளே போயிற்று. முதுகில் முடி வைக்காமல் விட்டாளே, வெயில் ஊருக்கு ஏற்ற ஓநாய் என்றால் இதுதான் என்றார் சலூன்காரர், முடி உதிர்ந்து மூன்று சாக்கு நிறைந்தது. காதுக்காரி காதைத் திரும்ப வாங்கினாள், ஊளைக்காரர் ஊளையைத் திரும்ப வாங்கினார். ஆனால் ஊருக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. மூக்கு என்ன எடுப்பு, கண் என்ன கிறக்கம், உதடு பேசுது போ என்று போய்க்கொண்டே இருந்தார்கள். வீரணனுக்குக் கன்றுக்குட்டி மாதிரி இமை நீண்டு, கன்னம் சிவந்து, பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகள் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் போகத் தொடங்கினார்கள். பாண்டிச்செல்வி ஓடி ஓடி, போதும் சாமி, இந்த அளவு போதும், மாமன் அடையாளம் தெரிய வேண்டாமா என்று ஒவ்வொருவர் வாயையும் மூட வேண்டியதாயிற்று.

எல்லாம் போயிற்று. வால் மட்டும் போகவில்லை.

வால் இல்லையே என்று குறை சொன்னது யார் என்று வீடு வீடாகக் கேட்டாள். யாரும் சொல்லவில்லை. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லையே, முக்கால்வாசிப் படத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், வால் எப்படித் தெரியும் என்றார்கள். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இருக்கட்டும் என்று ஊரே சேர்ந்து வால் இல்லாததுதான் லட்சணம் என்று சொல்லிப் பார்த்தது. வால் ஒரு தடவை ஆடியது, அவ்வளவுதான். சொன்ன வாய் வேறெங்கோ இருந்தது.

அதற்குள் காது குத்துகிற நாள் வந்துவிட்டது.

வீரணன் பட்டு வேட்டி கட்டி, வாலைச் சுருட்டி இடுப்பில் வைத்து, மேலே பெல்ட்டும் அதற்கு மேலே துண்டும் கட்டிக்கொண்டான். பின்னாடி கொஞ்சம் உப்பலாக இருந்தது. அது வேட்டியின் கஞ்சி என்று பாண்டிச்செல்வி கேட்காதவர்களுக்கும் சொன்னாள். தட்டுவரிசை முன்னால் போக, கொட்டுமேளம் முழங்க, அவன் நடந்து வந்தபோது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். ராமுத்தாய் கோயில் வாசலில் நின்று அவன் விரலைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், சட்டைக் காலரை விலக்கிப் பிடரியைப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரப் போனாள், அதற்குள் பாண்டிச்செல்வி சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டாள். என்ன கொழுந்தனாரே, ஆளு மனுஷனாயிட்டீக போல என்றாள் ராமுத்தாய், பாதி மனதோடு.

மொட்டை அடித்து, தலைக்குச் சந்தனம் பூசியதிலேயே தன்ஷிகா பாதி அழுது முடித்திருந்தாள். மீதி அழுகையை வைத்துக்கொண்டு மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி பொன் கம்பியை எடுத்து வலது காதுக்கு நேரே கொண்டு வந்தார். பிள்ளை கம்பியைப் பார்த்தாள், ஆசாரியைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது, கண் நிறைந்தது, மூச்சை உள்ளே இழுத்தாள். கூட்டத்தில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் அந்த அலறலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

அப்போது வீரணனின் இடுப்புத் துண்டு அவிழ்ந்தது. அவன் அவிழ்க்கவில்லை, வால்தான் தானாக அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தது. வந்து, வளைந்து, மடிக்கு முன்னால் பிள்ளையின் மூக்குக்கு நேராக நின்று, வெள்ளை நுனியை மெல்ல ஆட்டியது. தன்ஷிகா இழுத்த மூச்சை மறந்தாள். இரண்டு கையாலும் வாலைப் பிடித்தாள். வாயில் வைத்துப் பார்த்தாள். ஆசாரி கை தேர்ந்தவர், ஊரே வாலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்று குத்தினார், இன்னொன்றும் குத்தினார். பிள்ளை வாலை ஒரு பக்கம் இழுத்தாள், வால் இன்னொரு பக்கம் நழுவியது, பிள்ளை கெக்கெக்கென்று சிரித்தாள். காது குத்தும்போது சிரித்த பிள்ளையை அந்தக் கோயில் அன்றுதான் பார்த்தது.

மேளக்காரர் அடிக்க மறந்துவிட்டார். எல்லாரும் ராமுத்தாயைப் பார்த்தார்கள். பாண்டிச்செல்வி சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள், தம்பி மடியிலிருந்து பிள்ளையைத் தூக்க யார் கை முதலில் நீளுமோ அந்தக் கையைத் தட்டிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள்.

ராமுத்தாய் சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்தாள். வாலை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றாள் ஊருக்கெல்லாம் கேட்கும்படி. "எட்டாம் பக்கத்துல மதில் மேல ஏறி நிக்கிறான், பின்பக்கம் மொட்டையா இருக்கு. இதுக்கு ஒரு வால் இருந்திருந்தா எம்புட்டு எடுப்பா இருந்திருக்கும்னு."

"யார்ட்ட சொன்னீக, மதினி?" என்றாள் பாண்டிச்செல்வி.

ராமுத்தாய் சந்தனக் கிண்ணத்தைக் கை மாற்றிப் பிடித்தாள். மில்லின் இரைச்சலில் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை இப்போது யாரிடம் சொன்னதாகச் சொல்வது. கூட்டத்தின் பின்னாலிருந்து சோலையப்பன் கண்ணெல்லாம் தண்ணீராக முண்டியடித்து வந்து, அப்ப எட்டாம் பக்கம் வரைக்கும் படிச்சீங்களா தாயீ, பயமா இருந்துச்சா என்று கேட்டார்.

"முழுசும் படிச்சேன்," என்றாள் ராமுத்தாய் வெடுக்கென்று. "பயந்துதான மில்லுல வச்சுப் படிச்சேன், வீட்டுல வச்சா படிப்பாக?"

சோலையப்பன் அங்கேயே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது போதும்.

வால் இல்லாதது அழகு என்று மட்டும் ராமுத்தாய் வாயிலிருந்து அதற்குப் பிறகும் வரவில்லை. சொன்ன கருத்து சரியாகப் போய்விட்டதே, அதை எந்த வாசகர் திரும்ப வாங்குவார். சொல்லச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்துக்கு, சொந்தத் தாய்மாமனை மடியோடு உட்கார வைத்து, வீரணனைப் பக்கத்தில் வாலோடு உட்கார வைத்தார்கள். பிறகு பால்வாடியில் ஊசி போடுகிற அன்றைக்கெல்லாம் மினி பஸ் அங்கே கொஞ்ச நேரம் நின்று போவது வழக்கமாயிற்று. பெண் கொடுக்கிற வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள், நாளைக்குப் பிள்ளை அழுதால் ஆட்ட ஓர் ஆள் இருக்கிறது என்று.

சோலையப்பன் இரண்டாவது கதையை எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். கொம்பும் கோரைப்பல்லுமாய், பாறையைப் பொடியாக அரைத்துத் தின்னும் ஒரு ராட்சசியின் கதை. படம் வேண்டும் என்றார். பாண்டிச்செல்வி கொஞ்சம் யோசித்துவிட்டு, பென்சிலையும் பேப்பரையும் எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போனாள். மதினி, புதுப் புத்தகத்துக்கு ஒரு முகம் தேவைப்படுது, நம்ம ஊர்ல இதுக்கு உங்களவிட்டா யாரு இருக்கா என்றாள். ராமுத்தாய் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மில்லை நிறுத்தினாள், முகத்தில் அப்பியிருந்த மாவைத் துடைத்தாள், சங்கிலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டாள். பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அழகா வரை என்றாள்.

"அப்படியே கொஞ்ச நேரம் அசையாம இருங்க, மதினி," என்றாள் பாண்டிச்செல்வி.

தெருவில் அதற்குள் நாலு பேர் கூடி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மலைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்மை டப்பாவை எங்கே வைத்தோம் என்று மட்டும் பாண்டிச்செல்விக்கு அன்றைக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகமே வரவில்லை.